அன்னா மே வொங்: நடிகையும் அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றமும்

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் பலர் ஒன்றுகூடி, 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த 'பிக்காடிலி' என்னும் ஊமைப்படத்தைப் பார்த்தோம். இலண்டன் மாநகரின் ஆடம்பர விடுதியொன்றில், அழுக்கான தட்டு ஒன்று தம்முன் வைக்கப்பட்டதெனச் செல்வந்தர் ஒருவர் சீறுகின்றார். காரணம் அறிய விடுதி முதலாளி படியிறங்கிச் சமையற்கட்டினுள் நுழைகின்றார். அங்கே பாத்திரம் கழுவும் பெண்கள் வேலையை மறந்து நிற்க, மேசைமீது ஏறி ஒரு சீனப்பெண் தன்னை மறந்து ஆடிக்கொண்டிருக்கின்றாள். அந்த ஆட்டத்தில் அவசரமில்லை. எவரையும் மயக்கும் நோக்கமும் இல்லை. உழைத்துக் களைத்த உடலொன்று தனக்கெனச் சில நிமிடங்களை எடுத்துக்கொண்ட நிம்மதிதான் அதில் தெரிகிறது. அப்பெண்ணாக நடித்தவர் அன்னா மே வொங்.

படம் முடிந்ததும் வாதம் தொடங்கிற்று. நம் நண்பருள் ஒருவர், தொழிற்சங்க அனுபவமுள்ளவர், கடுமையாகவே பேசினார். இந்நடிகை வாழ்நாள் முழுவதும் அடிமைப்பெண்ணாகவும் நஞ்சூட்டும் சூழ்ச்சிக்காரியாகவும் வெள்ளையனுக்காக உயிர்விடும் பேதையாகவும் நடித்து, தன் இனத்தின் இழிவைக் காசாக்கியவர் என்பது அவர் கட்சி. அவ்வாறான படங்களில் அவர் நடித்ததை மறுப்பார் இலர். ஆயினும் அந்த முடிவு அன்றிரவு நமக்கு உறுத்தலாகவே இருந்தது. படத்தின் கருத்தைத் தீர்மானித்தவன் ஒருவன், இலாபத்தை எடுத்தவன் ஒருவன், பழியைச் சுமப்பவள் மட்டும் கூலிக்கு நின்ற பெண்ணா? முற்போக்கு விமரிசனம் என்ற பெயரில் நாம் பல சமயங்களில் செய்துவரும் இத்தவற்றினை, இந்நடிகையின் தொழில் வாழ்வை முன்வைத்து ஆராய்வது பயனுடையது என்று கருதுகின்றோம்.

அவர் 1905ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். வொங் லியூ சொங் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தை சலவைச்சாலை நடத்தியவர். வெளுத்த துணிகளை வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுசென்று கொடுப்பது சிறுமியின் வேலை. அவர் பிறந்த அதே ஆண்டில், வெள்ளையருக்கும் 'மங்கோலியர்' எனப்பட்டோருக்கும் இடையே நடக்கும் திருமணம் செல்லாது என்று கலிபோர்னியாவின் சட்டம் திருத்தப்பட்டது. அச்சட்டத்தை நீதிமன்றம் 1948இலேதான் தள்ளிற்று. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டமோ 1943 வரை நடைமுறையில் இருந்தது. அமெரிக்க மண்ணிற் பிறந்த குடியாயினும், அன்னா மே வொங் வெளிநாடு செல்லும்போது ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். அதன் தலைப்பே அவரைச் 'சீன இனத்து அமெரிக்கக் குடிமகன் எனக் கூறப்படுபவர்' என்று விளித்தது. 'கூறப்படுபவர்' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் அச்சொல்லின் கீழேயே கையொப்பமிட்டார்.

ஹொலிவூட் அவர் வளர்ந்த தெருக்களிலேயே படம் பிடித்தது. சீனக் குடியிருப்பிற் கமரா வந்து நின்றால், பள்ளிக்கூடத்தை மறந்து அங்கே நிற்கும் சிறுமிகளுள் அவரும் ஒருவர். 1919இல் 'சிவப்பு விளக்கு' என்ற படத்தில், விளக்கேந்திச் செல்லும் கூட்டத்தில் ஒருவராக இடம் பெற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து, பதினேழு வயதில், 'கடலின் காணிக்கை' எனத் தமிழிற் சொல்லத்தக்க வண்ணப்படத்தில் கதாநாயகியானார். டெக்னிக்கலர் முறையில் எடுக்கப்பட்ட முதற் படங்களுள் அஃது ஒன்று. கதை புதியதன்று. கரையொதுங்கிய அமெரிக்கனை ஒரு சீனப்பெண் காதலித்து, குழந்தை பெற்று, கைவிடப்பட்டு, அக்குழந்தையை அவனுடைய வெள்ளை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்குகின்றாள். கதை கண்ணீருக்காகச் செய்யப்பட்ட மலிவுச் சரக்கு. ஆனால் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் முகத்தில் மலிவான பாவம் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் இப்படத்தைச் செப்பனிட்டபோது இறுதிச் சுருள்கள் கிடைக்கவில்லை. ஆகவே புதிதாக ஒரு கடற்காட்சியை எடுத்து இணைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் முடிவில் கடல் உண்டு, மறையும் சூரியன் உண்டு, அவர் இல்லை.

அதன்பின் சாவுகள் வரிசையாக வந்தன. சுடப்பட்டுச் சாதல், தன்னைத்தானே மாய்த்தல், வாள்மீது வீழ்தல் என அவர் வெண்திரையில் இறந்த வகைகள் பல. தமது கல்லறையில் ஆயிரம் முறை இறந்தவள் என்று பொறிக்கவேண்டும் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னதுண்டு. இச்சாவுகளுக்குக் கதாசிரியரின் கற்பனை வறட்சி மட்டுமே காரணமன்று. வெள்ளை நாயகனும் சீன நாயகியும் இறுதியில் இணைய முடியாது. திருமணச் சட்டம் அதனை விலக்கியது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடத்தப்பட்ட படத்தயாரிப்பு ஒழுக்கக் கோவையும் இனக்கலப்பைத் தடுத்தது. கோவையின் சொற்கள் கறுப்பினத்தவரைக் குறித்தே எழுதப்பட்டிருந்தும் நடைமுறையில் ஆசியரையும் விலக்கவே அது பயன்பட்டது. எனவே கதை முடியவேண்டுமாயின் அவள் போகவேண்டும். நாயகி வேடம் வெள்ளை நடிகைக்கு, அவளுக்காக வழிவிட்டுச் சாகும் வேடம் சீன நடிகைக்கு என்ற பங்கீடு இவ்வாறு அமைந்தது. 1924இல் 'பாக்தாத் திருடன்' படத்தில் மங்கோலிய அடிமைப்பெண்ணாக வந்து புகழ்பெற்ற பிறகும் இப்பங்கீடு மாறவில்லை. சீனக் கதாநாயகி தேவைப்பட்டபோது வெள்ளைப் பெண்ணின் கண்ணோரங்களை இழுத்து ஒட்டி நடிக்கவைத்தார்கள்; உண்மைச் சீனப்பெண் அவளுக்குத் தோழியாக நின்றாள்.

1928இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பேர்லினில் அவரைச் சந்தித்து எழுதியவர்களுள் வால்ற்றர் பென்யமினும் ஒருவர் என்பது மார்க்சியத் திறனாய்வில் ஈடுபாடுடைய நம் வாசகர்க்குச் சுவையான செய்தி. ஜேர்மன் படங்களிலும் அவர் சாகாமல் இருக்கவில்லை. ஆயினும் அங்கே அவர் கதையின் நடுவில் நின்று சாகலாம். 'பிக்காடிலி'யில் விளம்பரத்தின் முதற்பெயர் கில்டா கிரே என்ற வேறொரு நடிகைக்குரியது. படம் முடிந்த பின் அந்த முதற்பெயரை எவரும் நினைப்பதில்லை. கிழிந்த காலுறையோடு மேசைமேல் ஆடியவள், முதலாளியின் அறைக்குள் வந்து தன் நிபந்தனைகளைச் சொல்லும் காட்சியைப் பாருங்கள். ஆடை எங்கே வாங்கப்படவேண்டும், இசைப்பவன் யார் என்பதையெல்லாம் அவளே தீர்மானிக்கின்றாள். கூலிக்காரி தன் உழைப்பின் விலையை அறிந்துகொண்ட கணம் அது. எழுதியவர் அவளைப் பேராசைக்காரியாகக் காட்டவே அக்காட்சியை அமைத்திருக்கக்கூடும். நடித்தவர் அவளுக்கு ஒரு கணக்கறிவையும் ஏளனத்தையும் தந்துவிட்டார். முதலாளியோடு அவள் முத்தமிடும் காட்சி திரையில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஐரோப்பாவின் தாராளம் அவ்வளவுதான்.

அதே ஆண்டில் இலண்டன் நாடக மேடையில், லோரன்ஸ் ஒலிவியே உடன் நடிக்க, 'சுண்ணக்கட்டி வட்டம்' அரங்கேறிற்று. பழைய சீன நாடகமொன்றைக் கிளாபுண்ட் என்னும் ஜேர்மன் கவிஞர் தழுவியெழுத, அதன் ஆங்கில வடிவம் இது. பின்னாளில் பிறெக்ற் தம் புகழ்பெற்ற நாடகத்துக்கு அடியெடுத்த கதை இதுவே. குழந்தை யாருக்குரியது என்னும் வழக்கில் அலைக்கழிக்கப்படும் ஏழைப்பெண்ணாக நடித்தார் அன்னா மே வொங். விமரிசகர்கள் அவருடைய தோற்றத்தைப் புகழ்ந்தார்கள். வாயைத் திறந்ததும் ஏமாந்தார்கள். சீன ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவள் போன்ற பெண்ணின் குரல் கலிபோர்னியாப் பெண்ணின் குரலாக இருந்துவிட்டது! அவர் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான் என்பதை அவர்கள் மறந்தார்கள். நாடக மேடையில் ஒரு நடிகையின் குரலைக் குறைகூற விமரிசகனுக்கு உரிமை உண்டு; நாமும் அதைச் செய்பவர்களே. ஆனால் இக்குறை குரலைப் பற்றியதன்று. கீழைத்தேயப் பெண் பேசாமல் இருந்திருக்கலாம் என்ற ஆசையின் வேறொரு வடிவம் அது.

அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்துக் கற்றார். ஜேர்மன் மொழியும் பிரெஞ்சு மொழியும் பயின்றார். பேசும்படம் வந்து பல ஊமைப்பட நடிகரின் பிழைப்பைக் கெடுத்த 1930ஆம் ஆண்டில், 'ஹை தாங்' என்ற கதை ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் தனித்தனியே எடுக்கப்பட்டபோது, மூன்றிலும் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். வியன்னாவில் இசைநாடக மேடையில் ஜேர்மன் மொழியில் நடித்தார். சலவைக்காரர் மகள், கல்லூரி வாசலை மிதியாதவர், தொழிலின் தேவைக்காக மூன்று மொழிகளைத் தன் கருவியாக்கிக்கொண்டார். நாம் மாணவர்க்கு மொழி கற்பிக்கும் தொழிலில் இருப்பவர்கள். இந்த உழைப்பின் பாரத்தை நம்மால் உணர முடிகிறது.

அதே ஆண்டின் இறுதியில் நியூயோர்க் பிறோட்வேயில் எட்கர் வொலசின் நாடகமொன்றில், குற்றக்கும்பல் தலைவனின் சீனக் காதலியாக நடித்தார். யப்பானியப் பெண்களின் பாவனையென மேலைநாட்டார் கற்பித்துக்கொண்ட அசைவுகளை இயக்குநர் கேட்டபோது அவர் மறுத்து, தாம் அறிந்த சீன முறையிலேயே நடித்தார் என்பர். சிறிய மறுப்புத்தான். ஆனால் அவருடைய தொழில் வாழ்வில் இத்தகைய சிறு மறுப்புகளைத் தேடிப் பொறுக்கவேண்டும். பெரிய மறுப்புக்குரிய அதிகாரம் அவரிடம் என்றும் இருந்ததில்லை.

இனி, அவர்மீதான குற்றச்சாட்டின் வலுவான இடத்துக்கு வருவோம். 1931இல் பரமௌண்ட் நிறுவனம் எடுத்த 'டிராகனின் மகள்' இழிவான படம். அதனை நியாயப்படுத்த நாம் முயலப்போவதில்லை. பூ மான்சு என்னும் சீன அரக்கனைக் கற்பித்து வெள்ளையரை நடுங்கவைத்த கதைக்கூட்டத்தில் அதுவும் ஒன்று. அரக்கனாக நடித்தவர் சுவீடனிற் பிறந்த வார்னர் ஓலண்ட். படத்தில் அவர் தோன்றுவது அரைமணிக்கும் குறைந்த நேரம். பெற்ற ஊதியம் 12,000 டொலர். படம் முழுவதையும் சுமந்த அன்னா மே வொங்கிற்குக் கிடைத்தது 6,000 டொலர். இவ்விரு தொகைகளும் நம் நண்பரின் வாதத்தில் இடம்பெறவில்லை. இழிவைக் காசாக்கியவர் யார் என்று கேட்டால் முதலில் பார்க்கவேண்டிய கணக்கு இதுதான். இருப்பினும் அவர் இது எத்தகைய படம் என்று அறிந்தே கையொப்பமிட்டார். அறியாப் பெண் என்று அவருக்காக மன்றாடுவது அவரை மேலும் சிறுமைப்படுத்துவதாகும்.

மறு ஆண்டில் வந்த 'ஷாங்ஹாய் எக்ஸ்பிரஸ்' வேறு தரத்தது. மார்லீன் டீட்றிக்கின் அழகுக்கு ஒளியமைக்கவே ஸ்ரேண்பேர்க் அப்படத்தை எடுத்தார் எனலாம். அருகில் ஹூயி பேயாக அன்னா மே வொங் அமர்ந்திருக்கின்றார். சீட்டுகளை அடுக்குகின்றார், புகைக்கின்றார், மிகக் குறைவாகவே பேசுகின்றார். தான் கண்ணியமானவர்களுக்கு மட்டுமே விடுதி நடத்துவதாகப் பெருமையடிக்கும் வெள்ளைச் சீமாட்டிக்கு அவர் அளிக்கும் விடையில், குரல் ஓர் இம்மியும் உயராமலே ஏளனம் முழுவதும் வந்துவிடுகின்றது. தன்னைக் கெடுத்தவனை அவர் கத்தியாற் குத்திக் கொல்கின்றார். அச்செயலாலேதான் புகைவண்டிப் பயணிகள் அனைவரும் பிழைக்கின்றார்கள். அவரோ இறக்கவில்லை. நிலையத்தில் எவரிடமும் நன்றி எதிர்பாராமல் நடந்து போகின்றார். டீட்றிக் படத்தின் ஒளியில் வாழ்கின்றார். இவர் அதன் நிழலிலிருந்தபடியே நம் கண்ணை இழுத்துக்கொள்கின்றார். இப்படத்தையும் சீனப் பத்திரிகைகள் கண்டித்தன. நாட்டை அவமதிக்க அவர் கருவியானார் என்று எழுதின. யப்பானியப் படைகள் மஞ்சூரியாவினுள் புகுந்திருந்த காலம் அது. சீனரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அக்கோபம் பரமௌண்ட் முதலாளிகளை எட்டாமல், கைக்கெட்டிய பெண்ணின்மேல் இறங்கிற்று.

இவ்விரு அழுத்தங்களும் ஒன்றையொன்று சந்தித்த இடம் 'நல்ல நிலம்'. பேர்ள் பக்கின் அந்நாவல் 1931இல் வெளிவந்தது. சீன உழவர் குடும்பமொன்றின் பசியையும் நிலப்பற்றையும் சொல்வது. மெட்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் அதைப் படமாக்க முற்பட்டபோது, ஓலான் என்னும் உழவன் மனைவியாக நடிக்க அமெரிக்காவில் அன்னா மே வொங்கைவிடத் தகுந்தவர் இல்லை என்று பலரும் எதிர்பார்த்தனர். கணவன் வேடம் போல் முனி என்ற வெள்ளை நடிகருக்குப் போயிற்று. ஒழுக்கக் கோவையின் ஆட்சியில் அவருக்கு மனைவியாக ஒரு சீனப்பெண் நடிப்பது எளிதன்று. கணவனும் மனைவியும் கதைப்படி சீனரேயாயினும்! ஓலான் வேடம் லூயிஸ் றெய்னருக்குக் கொடுக்கப்பட்டது. 1937இல் படம் வெளிவந்து, அவருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

அன்னா மே வொங்கை அவர்கள் 1935இன் இறுதியில் தேர்வுப் படப்பிடிப்புக்கு அழைத்தது தாமரை என்னும் பாத்திரத்துக்காக. குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாந்தாரம் அவள். சீனரின் வேடங்களை வெள்ளையர் ஏற்கும் படத்தில், வெறுக்கத்தக்க ஒரே பாத்திரத்தைச் சீன இரத்தமுள்ள தம்மிடம் தருகின்றீர்களா, ஓலானாக நடிக்கச் சொல்லுங்கள் நடிக்கின்றேன் என்ற பொருள்பட அவர் விடையளித்தார். அவர் மறுத்தாரா, நிறுவனமே அவரை ஒதுக்கிற்றா என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். நிறுவனக் குறிப்புகளில் அவருடைய அழகு போதாது என்ற மதிப்பீடும் காணப்படுகின்றது. இறுதியில் ஒஸ்திரிய நடனக்காரி ஒருவர் அப்பாத்திரத்தை ஏற்றார். இவற்றைவிட நம்மைச் சிந்திக்கவைப்பது பிறிதொன்று. நிறுவனத்துக்கு ஆலோசனை கூறிய சீனத் தரப்பினரும் அவர் வேண்டாம் என்றே சொன்னார்கள். அவர் ஏற்ற இழிந்த வேடங்களாற் சீனாவின் முகம் கெட்டதென்பது காரணம். நல்ல வேடம் தராதவர்கள் ஒருபுறம். நல்ல வேடம் ஏற்காதவள் என்று பழித்தவர்கள் மறுபுறம். பழித்தவர்கள் எவரும் போல் முனியின் ஒப்பனையை எதிர்த்துப் படத்தை நிறுத்தவில்லை.

நம் நண்பரின் வாதம் எங்கிருந்து வருகின்றது என்பது இப்போது விளங்கும். அஃது உழைப்பாளியின் நிலையிலிருந்து எழுந்த வாதமன்று. கோமிந்தாங் ஆட்சியினரின் மானக்கவலையிலிருந்து எழுந்தது. நாட்டின் முகம் என்று அவர்கள் சொன்னது தங்கள் வகுப்பின் முகத்தையே. சலவைச்சாலையிற் பிறந்தவள், மணமாகாதவள், கூத்தாடி அம்முகத்துக்குப் பொருந்தாள். 1943இல் சியாங் கை ஷேக்கின் மனைவியார் ஹொலிவூட் வந்து பெருங்கூட்டத்தில் உரையாற்றியபோது மேடையில் நட்சத்திரங்கள் பலர் இருந்தார்கள். சீனாவின் போர்நிதிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த அன்னா மே வொங்கிற்கு அங்கே இடமில்லை. தம் நாடக, திரைப்பட உடைகளை ஏலம்விட்டுச் சீன நிவாரணத்துக்குக் கொடுத்தவர் அவர். 1942இல் சிறு நிறுவனமொன்று எடுத்த இரண்டு போர்ப்படங்களின் ஊதியத்தையும் அவ்வாறே வழங்கினார்.

நாம் சற்று முந்திவிட்டோம். 'நல்ல நிலம்' கைநழுவியதும், 1936இல் அவர் முதன்முறையாகச் சீனா சென்றார். அப்பயணம் பற்றி நியூயோர்க் பத்திரிகையொன்றில் தொடர்ந்து எழுதினார். வீட்டில் அவர் பேசியது தென்சீனத்துப் பேச்சு. ஷாங்ஹாயில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. இலண்டனில் மிகையாக அமெரிக்கக் குரலுடையவர், ஹொலிவூட்டில் மிகையாகச் சீன முகமுடையவர், ஷாங்ஹாயில் ஊமையானார். பீக்கிங்கில் தங்கி வடமொழிப் பேச்சும் சீன அரங்கின் நுட்பங்களும் கற்க முயன்று, அந்த மேடை தமக்கு இனி எட்டாதது என்று அறிந்துகொண்டார். தந்தை ஓய்வுபெற்றுத் திரும்பியிருந்த பூர்வீகப் பகுதிக்கும் சென்றார். வரவேற்பு எல்லா இடத்திலும் இனியதாக இருக்கவில்லை. நாட்டை அவமதித்தவள் என்ற கூக்குரலையும் நேரிற் கேட்டார்.

திரும்பிவந்து நடித்தவற்றுள் 1937இல் வெளியான 'ஷாங்ஹாயின் மகள்' தனியே பேசத்தக்கது. ஒரு மணி நேரமே ஓடும் துப்பறியும் படம், செலவும் குறைவு. கள்ளத்தனமாக ஆள்கடத்திக் கூலிகளாக விற்கும் கூட்டத்தை, தந்தையைப் பறிகொடுத்த சீனப்பெண்ணும், கொரிய வம்சத்து நடிகர் பிலிப் ஆன் நடித்த அரசாங்க உத்தியோகத்தரும் சேர்ந்து பிடிக்கின்றார்கள். கடத்தலின் தலைமையில் இருப்பது கௌரவமான வெள்ளைச் சீமாட்டி. இறுதியில் நாயகனும் நாயகியும் திருமணம் பேசுகின்றார்கள். எவரும் சாகவேண்டியதில்லை. கலைத்தரத்தில் இப்படம் 'ஷாங்ஹாய் எக்ஸ்பிரஸ்'ஸின் பக்கத்தில் நிற்காது. வசனங்கள் பல மொட்டையானவை. எனினும் பெரிய முதலீட்டுப் படங்கள் தரமறுத்ததை, முதலாளிகள் கவனிக்காத மலிவுப் படமொன்று தந்தது. 2006இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

பிற்பகுதி மெலிந்தது. 1951இல் தொலைக்காட்சித் தொடரொன்றின் தலைப்பிலேயே அவருடைய சீனப்பெயர் இடம்பெற்றது. கலைப்பொருள் வாணிபம் செய்து குற்றங்களையும் துப்பறியும் பெண்ணாக நடித்தார். ஆசிய வம்சத்தவர் ஒருவர் முதன்மை வேடம் தாங்கிய முதல் அமெரிக்கத் தொடர் அது. சில மாதங்களே ஓடிற்று. இன்று அதன் படியொன்றும் இல்லை. 1960இல் வந்த அவரது கடைசிப் படத்தில் லானா ரேணரின் வீட்டுப் பணிப்பெண் வேடம். சமையற்கட்டிலிருந்து மேசைமேல் ஏறியவரை முப்பது ஆண்டுகளின் பின் அத்தொழில் அங்கேயே திருப்பி அனுப்பிற்று. அடுத்து ஓர் இசைப்படத்தில் நடிக்க இருந்த நிலையில், 1961 பெப்ரவரி 3ஆம் நாள், ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பால் மறைந்தார். 2022இல் அமெரிக்க அரசு அவர் முகத்தைக் காற்டொலர் நாணயத்தில் பொறித்தது. ஊதியத்தில் பாதியைக்கூடக் கொடாத நாடு நாணயத்திற் காற்பங்கு கொடுத்துவிட்டது என்றார் நம் நண்பர். அவ்வகையில் அவரோடு நமக்குப் பிணக்கில்லை.

அடுத்த கூட்டத்தில் 'ஷாங்ஹாயின் மகள்' காட்டப்படவுள்ளது. அதைத் தெரிவு செய்தவரும் அந்நண்பரே. 'டிராகனின் மகள்' பற்றிய தமது கருத்தை அவர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. நாமும் மாற்றும்படி கேட்கவில்லை.